குளவி அடைத்த குழாய்

பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு என் மகள் குளியலறைக்குள்ளிருந்து "அம்மா" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். வழக்கமாக அவள் ஒன்றோடு நிறுத்துகிறவள் அல்ல. நான் போய் நிற்கும் வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். மடித்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மணி இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், போனில் டாக்டரம்மா முதலில் கேட்டதே அதுதான். பனிக்குடம் உடைந்தது எத்தனை மணிக்கு? அடுத்த கேள்வி, தண்ணீர் என்ன நிறம்? பச்சையாக இருந்தது. அதைச் சொன்னதும் அவர் குரல் மாறியது. குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம், அதை மூச்சோடு உள்ளே இழுத்துவிடக் கூடாது, எதற்கும் காத்திருக்காமல் உடனே கூட்டி வாருங்கள் என்றார்.

நாங்கள் இருப்பது சிமெண்ட் ஆலை இருக்கும் மதுக்கரை. மருத்துவமனை நகரத்துக்குள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், வீடு வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். செல்போனில் டாக்ஸி போட்டதற்கு வருவதாக ஒப்புக்கொண்டவர் பாதி வழியில் ரத்து செய்தார். மருமகன் ஓசூரில் வேலை செய்கிறார். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்ததால் சனிக்கிழமைதான் வருவதாக ஏற்பாடு. என் கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. ஷெட்டில் அவருடைய கார் இருந்தது.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி. விற்றுவிடலாம் என்று நான் பேச்செடுத்தாலே மகள் சண்டைக்கு வருவாள். நகரத்தில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. எஞ்சினுக்குள் காற்று போகும் பாதைகளைச் சோதித்துப் பார்ப்பது. மேசை மாதிரி ஓர் இயந்திரம் இருக்கிறதாம். அதில் ஒரு குழாயையோ வால்வையோ மாட்டிவிட்டு, மறுபக்கத்திலிருந்து காற்றை உறிஞ்சி, எவ்வளவு போகிறது, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்ப்பார்களாம். "காத்து போகுதான்னு பாக்கறதுக்குச் சம்பளமா?" என்று நான் கேலி செய்வேன். "தபாலைக் கட்டுக் கட்டி அனுப்பறதுக்குச் சம்பளம் தர்றாங்கல்ல?" என்று அவள் திருப்புவாள். நான் தபால் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பிரசவத்துக்காக அந்த வாரம் லீவு போட்டிருந்தேன்.

தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்து வந்த புதிதில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் எனக்குக் கார்புரேட்டர் பாடம் எடுத்தாள். டம்ளரில் இளநீர் இருந்தது. ஒரு ஸ்ட்ராவை அதில் செங்குத்தாக நிறுத்தி, இன்னொரு ஸ்ட்ராவை அதன் தலைக்கு நேரே படுக்கையாகப் பிடித்துப் பலமாக ஊதினாள். டம்ளரிலிருந்த இளநீர் மேலே ஏறி வந்து என் சேலையெல்லாம் தூறியது.

"பாத்தியா? யாரும் தள்ளல. மேல காத்து வேகமா போச்சு, அந்த எடத்துல அழுத்தம் கொறஞ்சுது, கீழ இருந்தது தானா ஏறி வந்துருச்சு. கார்புரேட்டர்னா இவ்வளவுதாம்மா. ஒரு இடுக்கான கழுத்து, அதுக்குள்ள ஓடற காத்து."

"சேலையைத் துவைக்கறது யாரு?"

"எஞ்சின் பெட்ரோல்ல ஓடுதுன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க. அது குடிக்கறது கொஞ்சூண்டு. மூச்சு இழுக்கறதுதான் எக்கச்சக்கம். அதை ஒருத்தரும் கவனிக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு மிச்ச இளநீரைக் குடித்தாள்.

இரண்டு வாரம் கழித்துக் குளவி வந்தது. பேருந்தில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்ததால் காரை நான் வெளியே எடுப்பதில்லை. பேட்டரி போய்விடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஸ்டார்ட் செய்து, ஷெட்டிலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பேன். அப்படி ஒரு நாள் தண்ணீர் பார்க்க பானெட்டைத் தூக்கியபோது, முன்விளக்குக்குப் பின்னால் வாய் திறந்திருந்த ஒரு கருப்புக் குழாய்க்குள் குளவி ஒன்று மண் உருண்டையைக் கவ்விக்கொண்டு நுழைவதைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் குளவி கூடு கட்டினால் அதைத் தொட மாட்டார்கள். நல்ல சேதி என்பார்கள். நான் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் போன வருடம் மகளுக்கு முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அதற்கு முந்தைய வாரம் அவள் இங்கே வந்திருந்தபோது, வெள்ளையடிக்க வந்தவர் ஜன்னல் மேலிருந்த ஒரு குளவிக் கூட்டைத் இரும்புத் தகட்டால் ஒரே சுரண்டில் எடுத்துப் போட்டிருந்தார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஆனாலும் அந்தச் சுரண்டல் சத்தம் மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை. பானெட்டை மெதுவாக இறக்கி மூடினேன்.

மகளிடம், ஷெட்டில் குளவி கூடு கட்டுகிறது என்று மட்டும் சொன்னேன். எந்த இடத்தில் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிப் போய்க் காட்டினேன். செம்மண்ணில் கட்டினால் ஒரு கணக்கு, களிமண்ணில் கட்டினால் ஒரு கணக்கு என்று ஆணா பெண்ணா பார்ப்பது வழக்கம். அக்கா குனிந்து பார்த்துவிட்டுக் குழம்பிப்போனார். "இதென்னுங்க சாம்பக் கலர்ல இருக்குது? மதுக்கரைக் கொளவி சிமெண்ட்டுல கட்டிப்போட்டுதாட்ட இருக்குது. பொறக்கறது இஞ்சினியருங்க, எழுதி வெச்சுக்கங்க" என்றார். சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சின் வழக்கம்போல அமைதியாக ஓடியது.

பனிக்குடம் உடைந்த அன்றைக்கும் ஒரே சாவித் திருப்பில் ஸ்டார்ட் ஆனது. பின் சீட்டில் மகளை இடப்பக்கமாகப் படுக்க வைத்து, பையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை வரை ஒன்றுமில்லை. பாலக்காடு சாலைக்கு ஏறும் மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி இருமியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கரும்புகை. காலை எடுத்தால் ஓடுகிறது, மிதித்தால் சாகப் பார்க்கிறது. உருட்டி உருட்டி மெயின் ரோட்டுக்கு வந்து சிறிது தூரம் போனதும் ஒரு புங்க மரத்தடியில் நின்றுவிட்டது. செல்ஃப் அடித்தேன், மறுபடி மறுபடி அடித்தேன்.

அந்த மரத்தடியில் ஓர் அம்மாள் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட கருப்புக் கயிறு. எட்டிப் பார்த்தவர் பின் சீட்டைக் கண்டதும், "மாதாவே!" என்று நடுரோட்டுக்கே ஓடி, வருகிற வண்டிகளை நிறுத்தக் கையை வீசினார். ஒன்றுகூட நிற்கவில்லை. இரண்டு கார்கள் வேகம் பிடித்து விலகிப் போயின.

"ஒருத்தன் நெஞ்சுலயாச்சும் ஈரம் இருக்குதா பாருங்க!" என்று அவர் கத்தினார்.

பின் சீட்டிலிருந்து மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அம்மா, அவங்க கைல இருக்கறதைக் கீழ வெக்கச் சொல்லு."

அப்போதுதான் பார்த்தேன். இளநீர் சீவுகிற அரிவாளைத் தலைக்கு மேல் தூக்கித்தான் அவர் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

வலி வந்து போனது. அது போய்க்கொண்டிருக்கும்போதே மகள் கேட்க ஆரம்பித்தாள்.

"புகை என்ன நெறம்?"

"கருப்பு. கண்ணு, நீ பேசாம படு, நான் வேற வண்டி..."

"பெட்ரோல் வாசம் வருதா?"

"மூக்கைத் தொளைக்குது."

"சும்மா நின்னா ஓடுது, மிதிச்சா சாகுது. அப்படித்தானே?" ஒரு மூச்சு வாங்கினாள். "காத்து போகலம்மா. எங்கயோ வாய் அடைச்சிருக்கு. மெதுவா ஓடறதுக்குக் கொஞ்சம் காத்து போதும். மிதிச்சா நெறைய வேணும். கெடைக்கலன்னா வெறும் பெட்ரோலா உறிஞ்சும். நனஞ்சு போயிரும். முன்னால ஹெட்லைட்டுக்குப் பின்னால ஒரு கருப்புக் கொழாய் இருக்கும். அதைப் பாரு."

நான் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. காரை விட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இளநீர்க்கார அம்மாள் ஜன்னலில் குனிந்தார். "ஏனுங் அம்மணி, வலில கெடக்கறவ மெக்கானிக் வேலை சொல்றா, நீங்க பொம்மையாட்டம் உக்காந்திருக்கறீங்க? எறங்குங்க!"

"அதுல குளவி கூடு கட்டியிருக்கு" என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். வியர்வையில் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் திட்டியிருக்கலாம். ஒரு பொறியாளரின் தாய், அதுவும் இந்தக் காலத்தில் இதை நம்புவதா என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் நானே போய்க் கூட்டைக் குத்தி எடுத்திருப்பேன், வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். போன வருடத்து வெள்ளையடிப்பு அவளுக்கும் நினைவிருந்தது என்பது அந்தப் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் இருவரும் ஒரே சத்தத்தை ஆளுக்கொரு அறையில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

"கூட்டைத் தொட வேண்டாம்" என்றாள். "அந்தக் கொழாய் பின்னால வந்து ஒரு வட்டமான டப்பாவுல சேரும். அந்த டப்பாகிட்ட கழட்டிரு. டப்பாவுக்குள்ள ஃபில்டர் இருக்கு. அதோட வாய் தொறந்துட்டா நேரா காத்து இழுத்துக்கும். கொழாய் கூட்டோட அப்படியே இருக்கட்டும்."

பானெட்டைத் தூக்கினேன். குழாய் டப்பாவோடு ஓர் இரும்புக் கிளிப்பால் இறுக்கியிருந்தது. அதற்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், என்னிடம் இல்லை. நகத்தால் திருகினேன். நகம் உடைந்தது.

"தள்ளுங்க" என்றார் இளநீர்க்கார அம்மாள். "எங்க அறுக்கோணும், சொல்லு கண்ணு!"

"டப்பாவை ஒட்டி!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஒரே வீச்சு. இளநீர்ச் சீவல் விழுவது மாதிரி அந்தத் தடித்த ரப்பர் குழாய் அறுந்து தொங்கியது. முன்பக்கப் பிடிப்பிலிருந்து அதை உருவி, சாம்பல் நிறக் கூடு உதிராமல் இரண்டு கையாலும் தூக்கி என் பக்கத்து சீட்டில் வைத்தார்.

"இப்ப ஆக்சிலேட்டரை முழுசா மிதி" என்றாள் மகள். "விட்டு விட்டு மிதிக்காத. ஒரே அழுத்தா அழுத்திப் பிடிச்சுட்டே செல்ஃப் அடி. உள்ள தேங்கின பெட்ரோலை அதுவே துப்பிரும்."

ஏறி உட்கார்ந்து, காலால் அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு குமுறல், பின்னால் ஒரு பொதி கரும்புகை, அதற்குப் பிறகு நான் அதுவரை கேட்டேயிராத ஒரு சத்தம். 'ஹோ' என்று பெரிதாக ஒரு மூச்சு. எஞ்சின் சத்தம் என்று இத்தனை வருடம் நான் கேட்டதெல்லாம் அது வெளியே விடும் மூச்சுத்தான். உள்ளே இழுக்கும் மூச்சை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"போங்க, போங்க!" என்று அந்த அம்மாள் காரின் கூரையைத் தட்டினார். "எந்த ஊடுங்க உங்குளுது?"

தெருப் பெயரை ஜன்னல் வழியாகக் கத்திச் சொன்னேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. அவர் பெயரையும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் நேராக அறுவை சிகிச்சை அறைக்குக் கொண்டுபோனார்கள். தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் என் மடியைப் பார்த்தேன். மாற்றுத்துணிப் பையைக் காரிலேயே விட்டுவிட்டு அந்தக் குழாயைக் கையோடு தூக்கி வந்திருக்கிறேன். எதிரே இருந்தவர்கள் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ், "இது பேஷண்ட்டோடதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

குழந்தை பிறந்ததும் அழவில்லை. அதை என்னிடம் யாரும் வெளியே வந்து சொல்லவில்லை. கதவு ஒரு முறை திறந்தது, ஒருவர் வேகமாக எதையோ எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது. அழுகை வர வேண்டிய இடத்தில் அழுகை இல்லை. நான் குழாயின் அறுபட்ட விளிம்பைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காற்று உள்ளே போகட்டும், அவ்வளவுதான், வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். எந்தச் சாமியிடம் என்று கேட்டால் தெரியாது.

பிறகு கேட்டது. மெலிதாக, நனைந்த மாதிரி ஒரு சத்தம். இரண்டாவது தடவை கொஞ்சம் பலமாக. மூன்றாவதாக முழு அழுகை. நர்ஸ் வந்து பெண் குழந்தை என்றார். தொண்டையில் இருந்ததைச் சின்னக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டார்கள், இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா பிறகு ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டுவிட்டார். அந்த முடிக்காத வாக்கியத்துக்காகவும் அவரை நான் நினைத்துக்கொள்கிறேன்.

மருமகன் இரவு பத்து மணிக்கு மேல் வந்து சேர்ந்தார். சம்பந்தி வீட்டாரும் வந்தார்கள். வழியில் என்ன ஆனது என்று கேட்டபோது மகள் படுக்கையிலிருந்தே, "பழைய வண்டி, மக்கர் பண்ணிருச்சுங்க அத்தை. அம்மாதான் சரி பண்ணுனாங்க" என்று சொல்லிவிட்டாள். கூட்டைப் பற்றி இன்றுவரை யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்று குழாயைக் கேட்டு வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"லீவு முடிஞ்சு போறப்போ இதை எடுத்துட்டுப் போயி மேசைல மாட்டிப் பாக்கட்டுமா? எத்தனை காத்து போயிருக்குதுன்னு நம்பரா சொல்லிருவேன்."

"எனக்கு அந்த நம்பர் வேண்டாம் கண்ணு."

"சரி, வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

குழாயை மாடிப்படிக்குக் கீழே, மழை படாத இடத்தில் வைத்தேன். கொஞ்ச நாளில் கூட்டில் வட்ட வட்டமாக ஓட்டைகள் விழுந்திருந்தன. உள்ளே இருந்தவை எப்போது வெளியேறின என்று நான் பார்க்கவில்லை. காருக்குப் புதுக் குழாய் போட்டாகிவிட்டது. அதன் வாய்க்கு மகள் ஒரு கம்பி வலையையும் வைத்துக் கட்டச் சொல்லிவிட்டாள். ஆனாலும் தெருவில் ஏதாவது வண்டி ஏற்றத்தில் இருமினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். தூங்கும் பேத்தியின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கும் பழக்கமும் போகவில்லை. மகள் பார்த்தால் சிரிப்பாள். ஒரு நாள் அவளும் அப்படி வைத்துப் பார்ப்பதை நான் பார்த்தேன். நான் சிரிக்கவில்லை.

புங்க மரத்தடிக்கு மூன்று முறை போனேன். கடை இல்லை. இளநீர்க் குலைகள் கிடந்த இடத்தில் காய்ந்த மட்டைகள் மட்டும் இருந்தன. பக்கத்துப் பஞ்சர் கடையில் கேட்டதற்கு, மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார், எப்போது வருவாரென்று தெரியாது என்றார்கள். அந்த அம்மாளுக்குக் குழந்தை பிழைத்ததா என்பதுகூடத் தெரியாதே என்ற எண்ணம் எனக்குச் சோற்றில் கல் மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பேத்தியைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தோம். வாசலில், "ஏனுங்க, ஊட்டுல யாருங்க?" என்று குரல் கேட்டது. மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்த புதுச் சேலையோடு, இரண்டு இளநீரைக் கயிற்றில் தூக்கிக்கொண்டு அவர் நின்றிருந்தார். நீங்கள் சொன்ன தெருவில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றார். வந்தவர் உட்காரவில்லை, தண்ணீர் வேண்டாம் என்றார். என்னைப் பார்க்கவே பயப்படுகிற மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"குழந்தை... அழுதுச்சுங்களா அம்மணி?"

நான் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டேன். அவள் பேத்தியைத் தூக்கி வந்து அவர் கையில் வைத்தாள். அவர் குழந்தையின் முகத்துக்கு வெகு அருகே தன் கன்னத்தைக் கொண்டுபோய், கண்ணை மூடி, அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லா இழுக்குது கண்ணு. இவளுக்கு வெச்ச மூச்சுக் கொழாயை ஒருத்தரும் அறுக்க வேண்டியதில்லை."